நெளிந்த வட்டமும் 21 பிழைகளும்

இன்னைக்குக் கதை 1808ல், தஞ்சாவூர்ப் பெரிய கோயில்ல தொடங்குது.

வில்லியம் லாம்டன் தென்னிந்தியாவை முக்கோணம் முக்கோணமா அளந்துக்கிட்டு இருந்த நேரம். 1802ல் பரங்கிமலைப் பக்கம் ஏழரை மைல் அடிக்கோடு போட்டு ஆரம்பிச்ச வேலை அது. மலையே இல்லாத டெல்டாவில் தென்னை மரங்களுக்கு மேல பார்க்கணும்னா கோயில்தான் வழி. லண்டனில் கேரி செய்த அரை டன் தியோடலைட்டைக் கயிறு கட்டி மேலே ஏற்றினார்கள். கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதியது. கோணம் படிக்கும் 36 அங்குல வட்டம் நெளிந்துபோனது.

லாம்டன் கூடாரத்துக்குள் உட்கார்ந்து கருவியை முழுசா பிரித்தார். பலகையில் அதே அளவு வட்டம் வரைந்து, ஆப்பு, திருகு, கப்பி எல்லாம் வைத்து, நெளிந்த விளிம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அந்தக் கோட்டுக்கு இழுத்தார். ஆறு வாரம் ஆனது.

சரியாயிடுச்சா? கணக்கு போடுவோம். அந்த வட்டத்தில் ஒரு விநாடிக் கோணம் என்பது விளிம்பில் சுமார் 2 மைக்ரான். தலைமுடித் தடிமனில் முப்பதில் ஒரு பங்கு! மரப்பலகைக் கோடு அவ்வளவு துல்லியம் தராது. ஆனாலும் 1809ல் அதே கருவிதான் குமரிமுனைப் பக்கம் வரை போனது. நம்ம மதுரை வட்டாரத்து முக்கோணங்களும் அந்த வட்டத்தை நம்பித்தான்.

அப்போ என்ன காப்பாத்துச்சு? வட்டத்தின் எதிரெதிர்ப் பக்கங்களில் இருந்த நுண்ணோக்கிகள். மையம் விலகியிருந்தால் ஒரு பக்கம் கூடும், எதிர்ப்பக்கம் அதே அளவு குறையும். சராசரி எடுத்தால் அந்தப் பிழை அடிபட்டுப் போகும். எல்லாப் பிழையும் போகாது. விளிம்பு நெளிஞ்சதில் மிச்சம் இருக்கத்தான் செய்யும். பின்னாடி வந்த எவரெஸ்ட், வட்டத்தைத் திருப்பித் திருப்பி, வேறு வேறு கோடுகளில் ஒரே கோணத்தை அளக்கிறதை முறையாக்கினார். தெற்குப் பகுதியை 1860களுக்கு அப்புறம் புதுக் கருவிகளோடு திரும்பவும் அளந்தார்கள்.

இப்போ கப்பலூர் தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு சி.என்.சி. மெஷினை நினைச்சுக்கோங்க. மூன்று அச்சு. ஒவ்வொன்றும் நேராப் போகணும், ஆனா போகாது. நகர்வில் 3, சாய்வில் 3 என்று அச்சுக்கு 6 பிழை, மொத்தம் 18. அச்சுகளுக்கு நடுவில் செங்கோணம் தவறுவதில் 3. ஆக 21. சுழலும் அச்சு சேர்ந்தால் இன்னும் ஏறும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி பால்பார். நீளம் மாறினால் காட்டிக்கொடுக்கும் தண்டு, இரண்டு முனையிலும் உருண்டை. மெஷினை ஒரு வட்டம் போடச் சொல்வோம். வட்டம் மூலைவாட்டில் நீண்டால், அச்சுகள் செங்குத்தாக இல்லை என்று அர்த்தம்.

அப்புறம் நாம ஆப்பு அடிக்கிறதில்லை. பல பிழைகளை அளந்து, அட்டவணையா கன்ட்ரோலருக்குக் கொடுத்துடுறோம். அது அவ்வளவையும் கழித்துவிட்டு நகரும். எந்த மெஷினும் பிழையில்லாமல் பிறப்பதில்லை. எவ்வளவு தப்பு, எந்தப் பக்கம் தப்புன்னு தெரிஞ்ச மெஷினைத்தான் நம்பலாம்.