குமாரமங்கலம், பரமசிவ பிரபாகர் (1913–2000)

இந்தியத் தரைப்படையின் தலைமைத் தளபதி (1966–1969). மேட்டூருக்குத் தெற்கே, திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலம் ஜமீன் குடும்பத்தவர். தந்தை ப. சுப்பராயன் 1926 முதல் 1930 வரை சென்னை மாகாண முதலமைச்சர். தாய் ராதாபாய். தம்பி மோகன் குமாரமங்கலமும் தங்கை பார்வதி கிருஷ்ணனும் பொதுவுடைமை இயக்கத்துக்குப் போனார்கள். அண்ணனான இவரோ பிரிட்டிஷ் மன்னரின் ஆணை பெற்ற அதிகாரியானார். ஒரே வீட்டில் இப்படியொரு பிரிவு அந்தக் காலத்துக்கே உரியது.

ஈட்டன் பள்ளியிலும் வூல்விச் ராணுவக் கழகத்திலும் பயின்று, 1933இல் பீரங்கிப் படையில் சேர்ந்தார். அவர் பெயர் நிலைத்தது லிபியப் பாலைவனத்தில். ஜெர்மானியத் தளபதி ரோமெல் தொடங்கிய தாக்குதலில், 1942 மே 27 அன்று பிர் ஹகீம் அருகே மூன்றாம் இந்திய மோட்டார் பிரிகேடின் மீது இத்தாலியின் அரியேத்தே டாங்கிப் படை பாய்ந்தது. பிரிகேடு நிலைகுலைந்தது, குமாரமங்கலத்தின் பீரங்கிகள் எதிர்த்து நின்றன. அந்தத் தீரத்துக்கு டி.எஸ்.ஓ. விருது கிடைத்தது. ஆனால் அவர் சிறைப்பட்டார். இத்தாலிய முகாமிலிருந்து தப்பியவர் மீண்டும் பிடிபட்டு, ஜெர்மனியின் ஸ்டாலாக் லுஃப்ட் 3 முகாமுக்கு அனுப்பப்பட்டார்.

ஜெனரல் ஜே. என். சௌத்ரிக்குப் பின் 1966 ஜூனில் தலைமைத் தளபதியானார். 1967இல் நாதுலாவிலும் சோலாவிலும் சீனப் படையுடன் மோதல் நடந்தபோது பொறுப்பில் இருந்தவர் இவரே. அடுத்து வந்தவர் மானெக்ஷா. அவருடைய புகழின் நிழலில் இவர் பெயர் மங்கியது நியாயமன்று. 1970இல் பத்ம விபூஷண் பெற்றார்.