உடல் எடை அதிகமா? முதல் கயாக் வாங்கும் முன் இந்தக் கணக்கைப் பாருங்க!

வண்டலூர், தாம்பரம் பக்கம் இருப்பவர்கள் கயாக் ஓட்டக் கற்றுக்கொள்ள ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை. வண்டலூர் - கேளம்பாக்கம் சாலையைப் பிடித்து, கேளம்பாக்கம் தாண்டினால் கோவளம். பக்கத்திலேயே முட்டுக்காடு உப்பங்கழி. ஆனால் 100 கிலோவைத் தாண்டியவர்களுக்கு முதலில் வரும் கேள்வி, "இந்தப் படகு நம்மளைத் தாங்குமா?" என்பதுதான்.

சரியான கயாக்கைத் தேர்ந்தெடுத்தால் நிச்சயம் தாங்கும். தப்பானதை வாங்கினால், கவிழ்வது மட்டும் பிரச்னை இல்லை. கவிழ்ந்த பிறகு திரும்ப ஏற முடியாமல் போவதுதான் பெரிய ஆபத்து.

லேபிளில் உள்ள எடை யாருடையது?

ஒவ்வொரு கயாக்கிலும் 'அதிகபட்ச எடை' என்று ஒரு எண் இருக்கும். அது உங்கள் உடல் எடைக்கு மட்டுமான எண் அல்ல. லைஃப் ஜாக்கெட், தண்ணீர் பாட்டில், பை, நனைந்த துணி எல்லாம் அதில் சேரும். அந்த எல்லை வரை ஏற்றினால் படகு மிதக்கும். ஆனால் தண்ணீரில் ஆழமாக அமிழ்ந்து, சின்ன அலைக்கே ஆடும், திருப்புவதும் கஷ்டம்.

அதனால் லேபிள் எண்ணில் சுமார் 70 சதவீதத்தையே உங்கள் எல்லையாக வைத்துக்கொள்வது நல்லது. உதாரணமாக, ஒருவர் 110 கிலோ, பொருட்கள் 8 கிலோ. மொத்தம் 118 கிலோ. 150 கிலோ கயாக்கில் 70 சதவீதம் என்பது 105 கிலோ. போதாது. 180 கிலோ கயாக்கில் அது 126 கிலோ. இது ஓகே.

பவுண்டா, கிலோவா?

ஆன்லைனில் வாங்குபவர்கள் இங்கேதான் ஏமாறுவாங்க. அமெரிக்க மாடல்களில் எடை பவுண்டு கணக்கில் இருக்கும். '300' என்று போட்டிருந்தால் அது 300 கிலோ அல்ல, சுமார் 136 கிலோ. '400' என்றால் சுமார் 181 கிலோ.

எந்த வகை நல்லது?

கயாக்கில் முக்கியமாக இரண்டு வகை. 'சிட் இன்சைட்' வகையில் காலை உள்ளே நீட்டி, குழிக்குள் உட்கார வேண்டும். இடுப்பும் தொடையும் பெரிதாக இருந்தால் உள்ளே நுழைவதும், அவசரத்தில் வெளியே வருவதும் சிரமம். கவிழ்ந்தால் உள்ளே தண்ணீர் நிரம்பிவிடும்.

'சிட் ஆன் டாப்' வகை நம்ம ஊர் கட்டுமரம் மாதிரி. மேலேயே உட்காரலாம், தண்ணீர் ஏறினாலும் ஓட்டைகள் வழியாக வடிந்துவிடும். புதியவர்களுக்கு இதுதான் வசதி. ஒரு விஷயம்: எடை கூடினால் அதே ஓட்டைகள் வழியாகத் தண்ணீர் மேலே வரும். உட்காரும் இடத்தில் தண்ணீர் தேங்கியே இருந்தால், அந்தப் படகு உங்களுக்குச் சின்னது என்று அர்த்தம்.

அகலம், சீட், நீளம்

டிவியில் பார்க்கும் ரேஸ் கயாக் ஒல்லியாக இருப்பது வேகத்துக்காக. முதல் கயாக் சுமார் 80 செ.மீ. அல்லது அதற்கு மேல் அகலமாக இருக்கட்டும். நீளம் 10 முதல் 12 அடி போதும். அகலமான படகுக்குத் துடுப்பும் நீளமாக வேண்டும். 230 முதல் 250 செ.மீ. வரை பாருங்க.

சீட்டில் 15 நிமிடமாவது உட்கார்ந்து பார்க்காமல் வாங்கிடாதீங்க. இடுப்பை அழுத்தினாலோ, கால் மரத்துப்போனாலோ வேண்டாம். உயரமான சீட் முழங்காலுக்குச் சுகம். ஆனால் உயரம் கூடக் கூட ஆட்டமும் கூடும்.

இருவர் ஓட்டும் கயாக்கையும் பார்க்கலாம். ஆனால் நடுவில் சீட் போடும் வசதி வேண்டும். தனியாகப் பின் சீட்டில் உட்கார்ந்தால் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும்.

தூக்கிட்டுப் போக முடியுமா?

மொட்டை மாடி தண்ணீர் டேங்க் போலவே வார்க்கப்படும் பிளாஸ்டிக் கயாக்குகளில், பெரிய அளவு 30 கிலோவைத் தாண்டலாம். மாடி வீட்டில் இருப்பவர்கள் இதை யோசிக்கணும். காற்றடிக்கும் கயாக் எடை குறைவு, மடித்து வைக்கலாம். ஆனால் காற்று அதிகம் வீசினால் திசை மாறும், சிப்பி கிழிக்கும்.

லைஃப் ஜாக்கெட்

எடையை வைத்து அல்ல, மார்புச் சுற்றளவை வைத்து வாங்குங்க. பட்டைகளை இறுக்கியபின் தோள்பட்டை பகுதியை ஒருவர் மேலே தூக்கிப் பார்க்கட்டும். ஜாக்கெட் முகம் வரை ஏறினால் அது சரியான அளவு இல்லை.

வாங்கும் முன் கடைசி டெஸ்ட்

இடுப்பளவு தண்ணீரில், பயிற்சியாளர் பக்கத்தில் இருக்கும்போது, வேண்டுமென்றே கீழே விழுந்து திரும்ப ஏறிப் பாருங்க. வயிற்றை படகின் குறுக்கே போட்டு, காலால் உதைத்து மேலே வந்து, பிறகு திரும்பி உட்கார வேண்டும். கை பலம் போதவில்லை என்றால், கால் வைத்து ஏற ஒரு பட்டை கட்டலாம். அப்படியும் ஏற முடியவில்லையா? எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் அந்தக் கயாக் வேண்டாம்.

எப்போது, எங்கே?

கோடையில் மதியத்துக்கு மேல் கடல்காற்று வலுக்கும். காலை நேரமே பாதுகாப்பு. முகத்துவாரம் பக்கம் நீரோட்டம் இழுக்கும், புதியவர்கள் போகக் கூடாது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தவிர்ப்பது நல்லது. பக்கத்து ஏரிதானே என்று அனுமதி இல்லாமல் இறங்கவும் வேண்டாம்.

முதல் சில முறை வாடகைக்கு எடுத்து ஓட்டுங்க. அப்போது பயிற்சியாளர் எடை கேட்டால், கூச்சப்பட்டு 10 கிலோ குறைத்துச் சொல்லாதீங்க. அவர் உங்களுக்கான படகை எடுப்பதே அந்த எண்ணை நம்பித்தான்.