இல்லாத கம்பி பிறந்த கதை

சங்கரன்கோவிலிலிருந்து ராஜபாளையம் போகும் சாலையில் இருக்கிறது கரிவலம்வந்தநல்லூர். அங்கே பால்வண்ணநாதர் கோயிலில் நடக்கும் ஆவணித் தபசு போன்ற விழாக்கள் இப்போது உள்ளூர்க்காரர்களோடு முடிந்துவிடுவதில்லை. திருப்பூரில் வேலைக்குப் போனவர்களும் சென்னையில் குடியேறியவர்களும் வளைகுடாவில் இருப்பவர்களும் கைப்பேசியில் 'லைவ்' பார்க்கிறார்கள். இந்த மாதிரி லைவ்களில் பெரும்பாலும் படம் பளிச்சென்று இருக்கிறது. சத்தம்தான் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கிறது. குழாய் ஸ்பீக்கரில் போன சத்தம் காற்றில் கலைந்து, கூட்டத்தின் இரைச்சலையும் சேர்த்துக்கொண்டு, கைப்பேசி மைக்குக்குள் மறுபடி நுழைவதுதான் காரணம். விவரம் தெரிந்தவர்கள் மைக் செட்காரரிடம் கேட்டு, மிக்சரிலிருந்து ஒரு கார்டு, அதாவது கம்பி, இழுத்து நேரே லேப்டாப்புக்குக் கொடுத்துவிடுகிறார்கள். அந்த ஒரு கார்டில் ஓதுவாரின் குரல் தெளிந்துவிடுகிறது.

வெளியே கார்டு போடலாம். லேப்டாப்புக்குள்ளே எங்கே போடுவது? ஒரு மென்பொருளில் நாதஸ்வரப் பதிவு ஓடுகிறது. இன்னொன்றில் சிங்கப்பூரிலிருந்து ஒருவர் ஜூம் அழைப்பில் வாழ்த்துச் சொல்கிறார். மூன்றாவது மென்பொருள் இரண்டையும் வாங்கி யூடியூபுக்கு அனுப்ப வேண்டும். மூன்றும் ஒரே பெட்டிக்குள் இருக்கின்றன. ஆனால் ஒன்றின் சத்தம் இன்னொன்றுக்குக் கேட்காது. இந்தச் சிக்கலுக்கு விடையாகப் பிறந்ததுதான் விர்ச்சுவல் ஆடியோ கேபிள். கம்பியே இல்லாத கம்பி அது.

இதன் வம்சாவளியைத் தேடிப் போனால் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் போய் நிற்போம். 1878 ஜனவரியில் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் வணிக முறையிலான முதல் எக்ஸ்சேஞ்ச் 21 சந்தாதாரர்களோடு திறக்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் பலகை நிறையத் துளைகளும், துளையில் செருகும் கார்டுகளும் வந்தன. யாருடைய குரல் யாருக்குப் போக வேண்டும் என்பதை ஆபரேட்டர்களின் கை தீர்மானித்தது. அவர்கள் செருகிய கால் அங்குல ப்ளக்கின் வாரிசைத்தான் நம் ஊர் மைக் செட்காரர் இன்றைக்கும் தன் மிக்சரில் செருகுகிறார்.

வானொலி நிலையங்கள் அந்தப் பலகையை அப்படியே தங்கள் கட்டுப்பாட்டு அறைக்குக் கொண்டுபோயின. சென்னையில் 1924இலேயே வானொலிக் கழகம் தொடங்கியிருந்தது. 1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் ஒலிபரப்பை ஆரம்பித்தது. வெளியிடத்தில் நடக்கும் கச்சேரியின் சத்தம் டெலிபோன் லைன் வழியாக நிலையத்துக்கு வரும். பொறியாளர் அதைப் பலகையில் உரிய துளைக்கு மாற்றி ஒலிபரப்பில் சேர்ப்பார்.

நேயர்கள் டெலிபோனில் பேசும் நிகழ்ச்சிகள் வந்தபோது புதிய சிக்கல் முளைத்தது. பேசுகிறவருக்கு ஸ்டுடியோவில் நடப்பது கேட்க வேண்டும். ஆனால் ஒலிபரப்பை முழுசாக அவருக்குத் திருப்பி அனுப்பினால் அவர் குரலும் சேர்ந்து அவர் காதுக்கே திரும்பும். நம் குரல் நமக்கே ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு தாமதித்துக் கேட்டால் போதும், நாக்கு குழறிவிடும். ஆகவே எல்லாருடைய சத்தத்தையும் கலந்து, அதில் அவருடைய குரலை மட்டும் கழித்து அவருக்கு அனுப்பினார்கள். ஒலிபரப்பாளர்கள் இதை 'மிக்ஸ் மைனஸ்' என்கிறார்கள். இன்றைய ஆன்லைன் அழைப்புகள் அத்தனைக்கும் அடிப்படை இந்தக் கழித்தல்தான்.

கணினிக்கு இந்த அனுபவம் எதுவும் வந்து சேரவில்லை. சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் 1989இல் சவுண்ட் பிளாஸ்டர் என்ற ஒலி அட்டையைக் கொண்டுவந்த பிறகு வீட்டுக் கணினிகளும் பாடத் தொடங்கின. அந்த அட்டைக்கு வெளியே போக ஒரு வழி, உள்ளே வர ஒரு வழி. விளையாட்டுக்கும் பாட்டுக்கும் அது போதும், ஒலிபரப்புக்குப் போதாது. அந்தக் காலத்தில் இதில் இறங்கியவர்கள் இரண்டு முனையிலும் 3.5 மில்லிமீட்டர் பின் உள்ள சின்னக் கார்டை வாங்கி, ஸ்பீக்கர் துளைக்கும் லைன்-இன் துளைக்கும் பாலம் போட்டார்கள். வெளியே போன சத்தம் உள்ளே வந்துவிடும். ஆனால் வரும்போது 'ஹம்' என்ற உறுமலையும் கூட்டிக்கொண்டு வரும். பிறகு 'ஸ்டீரியோ மிக்ஸ்' என்றொரு வசதி வந்தது. கணினியில் கேட்கும் எல்லாவற்றையும் அது ஒரே குவியலாகத் தந்தது. குவியலிலிருந்து ஒருவர் குரலை எடுத்துக் கழிப்பதற்கு அதில் வழியில்லை.

1990களின் இறுதியில் ரஷ்யாவைச் சேர்ந்த யூஜின் முசிசென்கோ விண்டோஸுக்கு 'விர்ச்சுவல் ஆடியோ கேபிள்' என்ற டிரைவரை எழுதினார். கணினிக்குள் சத்தம் என்பது எண்களின் வரிசை; இன்றைய ஒலிபரப்பில் வழக்கமாக நொடிக்கு 48,000 எண்கள். அவருடைய டிரைவர் ஒரு மென்பொருளிடம் "நான்தான் ஸ்பீக்கர்" என்று சொல்லி அந்த எண்களை வாங்கிக்கொள்ளும். அடுத்த மென்பொருளிடம் "நான்தான் மைக்" என்று சொல்லி அதே எண்களைக் கொடுத்துவிடும். காற்றைத் தொடாமல், செம்பைத் தொடாமல் சத்தம் இடம் மாறியது.

அடுத்தடுத்த ஆண்டுகளில் வெவ்வேறு மூலைகளில் வெவ்வேறு பேர் இதே தேவையில் முட்டினார்கள். அமேசானின் தொடக்ககால நிரலாளர்களில் ஒருவரான பால் டேவிஸ், அந்த வேலையை விட்டபின் லினக்ஸில் இசைப்பதிவுக்கு 'ஆர்டர்' என்ற மென்பொருளை எழுதினார். அதோடு பிறந்தது 'ஜாக்'. பழைய எக்ஸ்சேஞ்ச் பலகை அதில் திரைக்கு வந்தது. எந்த மென்பொருளின் வாயையும் எந்த மென்பொருளின் காதோடும் கோடு இழுத்து இணைக்கலாம். ஆப்பிள் கணினிக்கு முதலில் சவுண்ட்ஃப்ளவர், பிறகு டெவின் ராத்தின் பிளாக்ஹோல். விண்டோஸில் பிரான்ஸின் வின்சென்ட் புரெல், விபி-கேபிளையும் 'வாய்ஸ்மீட்டர்' என்ற மிக்சரையும் விரும்பியதைக் கொடுங்கள் என்ற முறையில் விட்டார். 2012இல் ஸ்டார்கிராஃப்ட் விளையாட்டை நேரலை செய்ய ஆசைப்பட்ட ஜிம் பெய்லி, ஓபிஎஸ் மென்பொருளின் முதல் பதிப்பை வெளியிட்டார். இன்று ஆலயங்களிலும் தேவாலயங்களிலும் கல்லூரிகளிலும் லைவ் போட உட்காருகிறவர்கள் முதலில் திறப்பது பெரும்பாலும் அதைத்தான். இவற்றில் அநேகம் தனி மனிதர்களின் உழைப்பில் தொடங்கியவை. இலவசமாகவோ கிட்டத்தட்ட இலவசமாகவோ நம் கைக்கு வந்தவை.

2020இல் ஊரடங்கு வந்தது. 2019 டிசம்பரில் நாளொன்றுக்கு ஒரு கோடியாக இருந்த ஜூம் கூட்டப் பங்கேற்பு நான்கே மாதத்தில் 30 கோடியைத் தொட்டது. அந்த ஆண்டு மார்கழியில் சென்னை மியூசிக் அகாடமியின் விழாவே இணையத்துக்கு வந்தது. அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளுக்கு இங்கிருந்து பாட்டு சொல்லிக்கொடுத்த ஆசிரியர்கள் ஒரு விசித்திரத்தைச் சந்தித்தார்கள். சுருதிப் பெட்டியைப் போட்டால் மாணவருக்குச் சுருதி கேட்காது. ஒரே சீராக நிற்கும் ஒலியை ஃபேன் சத்தம் என்று எடுத்துக்கொண்டு மென்பொருள் அழித்துவிடுகிறது. நம் இசைக்கு அஸ்திவாரம் எதுவோ அதுவே அதற்கு இரைச்சல். 'ஒரிஜினல் சவுண்ட்' என்ற அமைப்பைப் போட்ட பிறகுதான் சுருதி கடல் தாண்டியது.

அதன்பின் மாற்றங்கள் வேகமாக வந்தன. விம் டேமன்ஸ் உருவாக்கிய பைப்வயர், 2021இல் ஃபெடோரா லினக்ஸின் இயல்பான ஒலி அமைப்பானது. 2022இல் ஓபிஎஸ், விண்டோஸில் ஒவ்வொரு மென்பொருளின் சத்தத்தையும் தனித்தனியாக எடுக்கும் வசதியைத் தந்தது. கேபிள் என்று தனியாக ஒன்றை நிறுவாமலே பல வேலைகள் இன்று முடிந்துவிடுகின்றன.

கருவி வந்துவிட்டது, சத்தத்தைக் கவனிக்கும் பழக்கம் இன்னும் வரவில்லை. அது வர வேண்டும் என்று சொல்ல, கரிவலம்வந்தநல்லூரை விடப் பொருத்தமான ஊர் இல்லை. பாண்டிய மன்னர் ஒருவர் சேர்த்த சுவடிகள் இந்தக் கோயிலில் இருப்பதாகக் கேள்விப்பட்டு உ.வே. சாமிநாதையர் இங்கே தேடி வந்தார். பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத் தீயில் இட்டாகிவிட்டது என்ற செய்திதான் அவருக்குக் கிடைத்தது. அந்த வேதனையை அவரே எழுதிவைத்திருக்கிறார். ஏட்டில் இருந்தது அப்படிப் போனது. இன்று ஓதுவாரின் தேவாரமும் வில்லுப்பாட்டுக்காரர் குரலும் பல ஊர்களில் லைவ் வீடியோவாக மட்டுமே பதிவாகின்றன. லைவ் முடிந்ததும் அதுவே ஆவணமாகிவிடுகிறது. சத்தம் கெட்டால் ஆவணமும் கெட்டது.

ஆகவே விழாவுக்கு லைவ் போடும் தம்பி தங்கைகளுக்குச் சில வார்த்தைகள். மைக் செட்காரரை முதல் நாளே பார்த்து, மிக்சரிலிருந்து உங்களுக்கென்று தனி 'அவுட்' கேளுங்கள். விபி-கேபிள் போட்டால் ஸ்பீக்கர் பட்டியலில் 'கேபிள் இன்புட்' என்றும் மைக் பட்டியலில் 'கேபிள் அவுட்புட்' என்றும் காட்டும். பயந்துவிடாதீர்கள், பாட்டு ஓடும் மென்பொருளுக்கு முதலாவதையும் வாங்கும் மென்பொருளுக்கு இரண்டாவதையும் கொடுங்கள். அழைப்பில் பேசுகிறவருக்கு அவர் குரலைக் கழித்துவிட்டு மற்றதை அனுப்புங்கள். பஃபரை, அதாவது எண்களைச் சேர்த்துவைக்கும் தற்காலிக இடத்தை, ரொம்பச் சின்னதாக வைத்தால் சத்தம் படபடவென்று வெடிக்கும். பெரிதாக வைத்தால் உதடு ஒரு பக்கமும் சொல் ஒரு பக்கமும் போகும். 480 எண்கள், அதாவது 10 மில்லிநொடியில் ஆரம்பித்துப் பாருங்கள். ஹெட்போன் மாட்டிக்கொண்டு, கொடி ஏறுவதற்கு முன்பே ஐந்து நிமிடம் சோதனைப் பதிவு எடுத்துக் கேளுங்கள். படம் கொஞ்சம் மங்கினாலும் ஜனங்கள் பொறுத்துக்கொள்வார்கள். சத்தம் சரியில்லாத பதிவை நாளைக்கு யாரும் தேடி எடுக்கப்போவதில்லை. முதலில் சத்தத்தைச் சரி செய்யுங்கள்.