கிளாஸில் பேராசிரியர் நடத்தும் பாடத்தை செல்போனில் ரெக்கார்டு செய்யலாமா? சட்டம் சொல்வது இதுதான்!

பேராசிரியர் பேசும் வேகத்துக்கு நோட்ஸ் எடுக்க முடியலையா? செல்போனை டெஸ்க் மேல வச்சு ரெக்கார்டு பட்டனை அழுத்துறது பல மாணவர்களின் வழக்கம். அந்த ஆடியோ அப்படியே வாட்ஸ்அப் குரூப்புக்கும், சில நேரம் யூடியூபுக்கும் போய்விடுகிறது. இதில் எது வரைக்கும் ஓகே? சிக்கல் எங்கே ஆரம்பிக்கிறது?

பாம்பாட்டிக்கும் பேராசிரியருக்கும் ஒரே உரிமை!

இந்திய பதிப்புரிமைச் சட்டம், 1957-ல் 'நிகழ்த்துபவர்' யார் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. நடிகர், பாடகர், நடனக் கலைஞர், ஏன், பாம்பாட்டி கூட அதில் உண்டு. அதே பட்டியலில் விரிவுரை ஆற்றுபவரும் இடம்பெற்றுள்ளார். அவரது உரையை ஒலி, ஒளிப்பதிவு செய்யும் உரிமை அவருக்கே என்கிறது பிரிவு 38ஏ.

அப்போ ரெக்கார்டு செய்வதே தப்பா?

இல்லை. பதிவு செய்பவரின் சொந்தப் பயன்பாட்டுக்கும், உண்மையான கற்பித்தல், ஆராய்ச்சிக்கும் பிரிவு 39 விலக்கு தருகிறது. வீட்டில் கேட்டுப் படிக்க ரெக்கார்டு செய்வது உரிமை மீறல் ஆகாது. ஆனால் அனுமதி இல்லாமல் யூடியூபில் ஏற்றுவதை 'சொந்தப் பயன்பாடு' என்று சொல்ல முடியாது. தெரிந்தே உரிமையை மீறினால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, ரூ.50 ஆயிரம் முதல் ரூ.2 லட்சம் வரை அபராதம் விதிக்க பிரிவு 63-ல் இடமுண்டு. லாப நோக்கம் இல்லை என்றால் நீதிமன்றம் தண்டனையைக் குறைக்கலாம்.

கல்லூரி தடை போடலாமா?

போடலாம். பிரிவு 39 பதிப்புரிமை வழக்கில் இருந்துதான் காப்பாற்றும். வகுப்பில் செல்போன் கூடாது என்பது கல்லூரி விதி என்றால், மீறும் மாணவர் மீது ஒழுங்கு நடவடிக்கை வரலாம். வீடியோவில் சக மாணவர்களின் முகமும் குரலும் பதிவாகும். தனியுரிமை அடிப்படை உரிமை என 2017-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததையும் மறக்கக் கூடாது.

மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு?

கேட்பதிலோ எழுதுவதிலோ சிரமம் உள்ள மாணவருக்கு ஆடியோ பதிவு சலுகை அல்ல, தேவை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 கல்வி நிறுவனங்கள் அவரவர் தேவைக்கேற்ற வசதி செய்து தர வேண்டும் என்கிறது. அதைக் காட்டி கல்லூரியிடம் எழுத்துப்பூர்வமாக அனுமதி கேட்கலாம்.

அமெரிக்காவில் எப்படி?

மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிபோர்னியாவின் சமுதாயக் கல்லூரிகளில் ஆசிரியரின் முன் அனுமதி இல்லாமல் பதிவு செய்யக் கூடாது; மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு மட்டும் விலக்கு. புளோரிடாவில் நேர் எதிர். அங்கு 2021-ல் வந்த சட்டப்படி, அரசுப் பல்கலைக்கழக மாணவர்கள் சொந்தப் படிப்புக்காகவோ, புகார் அளிக்கவோ, வழக்குக்கு ஆதாரமாகவோ விரிவுரையை அனுமதி கேட்காமலே பதிவு செய்யலாம். ஆனால் அதை வெளியிட்டால் 2 லட்சம் டாலர் வரை இழப்பீடு கேட்டு பேராசிரியர் வழக்குப் போடலாம்.

மாணவர்கள் என்ன செய்யணும்?

* முதலில் பேராசிரியரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.
* முடிந்தவரை ஆடியோ மட்டும் எடுங்கள்.
* அனுமதி இல்லாமல் யாருக்கும் ஃபார்வர்டு செய்யாதீர்கள்.
* வகுப்பில் ஆசிரியர் தவறாகப் பேசியது பதிவாகி இருந்தால், இன்ஸ்டாகிராமில் போடாமல் கல்லூரியின் புகார்க் குழுவிடமோ போலீஸிடமோ கொடுங்கள். ஆதாரமாக நிற்க வேண்டியது, உங்கள் மீதே புகாராகத் திரும்பிவிடக் கூடாது.