‘அது என்ன சொல்லுது?’

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் எதிர்வீட்டுக்காரர் கோர்வைச் சேலை நெய்வார். உடலுக்கு ஒரு நிறம், இருபக்கக் கரைக்கும் வேறு நிறம் என்று மூன்று நாடா ஓடும் வேலை. ஒற்றை ஆளால் ஆகாது. மறுபக்கம் உட்கார்ந்து நாடா தள்ளியது அவர் மனைவி. சில நாள் தறிச்சத்தம் சட்டென்று நின்றுவிடும். குழிக்குள் கால் அசையாது, தலையைச் சாய்த்து எதையோ கேட்டுக்கொண்டிருப்பார். அந்த அம்மா அதட்டியதில்லை.

“அது என்ன சொல்லுதுங்க?”

“உன் கை விளங்காதுன்னு சொல்லுது.”

“நேத்து நெஞ்ச முழத்தைத் தொட்டுப் பாருங்க.”

தொட்டுப் பார்ப்பார். கொஞ்ச நேரத்தில் நாடா ஓடும்.

அந்த அம்மா கேட்ட கேள்வியை மனநல மருத்துவம் வெகுகாலம் கேட்கவே இல்லை. குரல் கேட்கிறதா என்பதோடு சரி. அது சொல்வதைப் பற்றிப் பேசினால் நோய்க்குத் தீனி போட்டதாகிவிடும் என்ற பயம். 1980களில் நெதர்லாந்தில் பாட்ஸி ஹேக் என்ற பெண், தன் குரல்களைப் பொருட்படுத்திக் கேட்கும்படி மருத்துவர் மாரியஸ் ரோமிடம் விடாப்பிடியாக நின்றார். 1987இல் இருவரும் தொலைக்காட்சியில் பேசியதும் நூற்றுக்கணக்கானோர் தொலைபேசியில் அழைத்தார்கள். மருத்துவரிடமே போகாமல் குரல்களோடு வாழ்ந்துவந்தவர்களும் அவர்களில் உண்டு. குரல் கேட்பவர்கள் கூடிப் பேசும் குழுக்கள் அதற்குப் பிறகே வளர்ந்தன.

கேள்வி இங்கிலாந்து போனது. அங்கே மனநல மருத்துவர் ஜூலியன் லெஃப் குரலுக்கு ஒரு முகமே கொடுத்தார். மிரட்டும் குரலுக்கு ஏற்ற முகத்தை நோயாளியே கணினியில் அமைப்பார், சிகிச்சையாளர் அந்த முகத்தின் வழியாகப் பேசுவார், நோயாளி எதிர்த்துப் பேசப் பழகுவார். 150 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 2018இல் வெளியானது. பன்னிரண்டு வாரத்தில், சாதாரண ஆலோசனை பெற்றவர்களைவிட முகத்தோடு பேசிப் பழகியவர்களுக்குக் குரலின் தொல்லை நன்றாகக் குறைந்திருந்தது. இருபத்துநான்கு வாரத்தில் அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது, ஆலோசனை பெற்றவர்களும் தேறியிருந்தார்கள். ஒரு மனிதர் உட்கார்ந்து காது கொடுத்ததற்கும் அதில் பங்கிருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

சென்னையில் சாரதா மேனன் 1984இல் தொடங்கிய ஸ்கார்ஃப் மனநல நிறுவனத்தின் மருத்துவர்கள் பத்மாவதி, ஹேமா தரூர் ஆகியோருடன் மானுடவியலாளர் டான்யா லூர்மன் இதே கேள்வியைக் கேட்டார். கலிபோர்னியா, கானா, சென்னை மூன்றிலும் இருபதிருபது பேர். அமெரிக்கர்களிடம் வன்முறைக் குரல்கள் அதிகம். சென்னையில் பாதிக்கு மேற்பட்டவர்களிடம் பேசியது சொந்தபந்தம். குளி, சமை, கடைக்குப் போ என்று வீட்டுப் பெரியவர் போல ஏவியது.

2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் வெந்துபோனார்கள். ஒவ்வொருவருக்கும் என்ன கேட்டுக்கொண்டிருந்தது என்று யாராவது உட்கார்ந்து விசாரித்திருப்பார்களா? நினைத்தால் இன்றும் மனசு ஆறுவதில்லை.

பிறகு காஞ்சிபுரம் மாவட்டக் கிராமங்களிலும், கோவா, சத்தாரா பகுதிகளிலும் ஓர் ஆய்வுக்காகப் பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்கள் நோயாளிகளின் வீடு தேடிப் போனார்கள். மருந்தை நிறுத்தச் சொல்லவில்லை. மருந்தோடு சேர்த்து, நோயைப் பற்றியும் வேலையைப் பற்றியும் ஊர்ப்பேச்சைப் பற்றியும் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசினார்கள். 282 பேர் பங்கெடுத்த அந்த ஆய்வு 2014இல் வெளிவந்தது. மருத்துவமனைக்கு மட்டும் வந்துபோனவர்களைவிட, வீடு தேடிப் போய்ப் பேசப்பட்டவர்களுக்கு ஓரளவு கூடுதல் பலன் கிடைத்தது.

எதிர்வீட்டாரோடு துணைக்கு ஒருமுறை மருத்துவமனைக்குப் போனேன். மாத்திரை போடுறாரா, தூங்குறாரா என்று இரண்டே கேள்வி, மூன்று நிமிடம், அடுத்த டோக்கன். பேருந்துக்கு நிற்கும்போது அந்த அம்மா அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டே கேட்டார்:

“உள்ள உக்காந்திருந்தப்ப அது என்ன சொல்லிச்சு?”