கத்தியும் குறடும் ஒன்றான கதை



பல கருவிகள் ஒன்றாக மடங்கும் ‘மல்டி டூல்’ இப்போது உங்களில் பலர் பையில் இருக்கிறது. அது பிறந்த கதை தெரியுமா?

1891இல் சுவிட்சர்லாந்து ராணுவம் வீரர்களுக்கு ஒரு மடக்குக் கத்தி கொடுத்தது. அதில் கத்தி, துளை போடும் ஊசி, டப்பா திறக்கும் கருவி, திருப்புளி இருந்தன. திருப்புளி எதற்கு? புதிதாக வந்த துப்பாக்கியைக் கழற்றி மாட்ட. காரல் எல்சனர் என்பவர் 1897இல் அதிகாரிகளுக்கென்று இன்னொரு கத்தியைப் பதிவு செய்தார்.

அந்தக் கத்தி வெட்டும், திருகும், இறுக்கிப் பிடிக்காது. 1975இல் அமெரிக்கரான டிம் லெதர்மேன் மனைவியோடு பழைய ஃபியட் காரில் ஐரோப்பா சுற்றினார். கார் அடிக்கடி மக்கர் செய்தது. தங்கிய விடுதிகளில் குழாய் ஒழுகியது. கையில் கத்தி இருந்தது, குறடு இல்லை. இரண்டையும் ஒன்றாக்க முனைந்தவர், 1983இல்தான் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தார். எட்டு வருட உழைப்பு!

நம் நாமக்கல் லாரிக்காரர்களுக்கு இது புதிதல்ல. ஸ்பேனர், குறடு, கட்டுக்கம்பி, பழைய டியூப் இல்லாமல் வடக்கே லோடு ஏற்றிப் போவார்களா? அதே கைப்பழக்கம் வீட்டுக்கும் உதவும். பைப் ஒழுகினால் வால்வை மூடி, ஈரம் துடைத்து, டியூப்பைப் பட்டையாக அறுத்து, நன்றாக இழுத்துச் சுற்ற வேண்டும். இழுத்த ரப்பர் சுருங்கி ஓட்டையை அமுக்கும். மேலே கட்டுக்கம்பி போட்டுக் குறட்டால் முறுக்கினால், பிளம்பர் வரும்வரை தாங்கும்.

இந்தத் தைரியத்தில் பியூஸ் கட்டையில் கை வைக்காதீர்கள். கரண்ட் அதிகமானால் முதலில் உருகி அறுந்துபோகத்தான் பியூஸ் கம்பி மெல்லிசாக இருக்கிறது. அங்கே தடித்த செம்புக் கம்பியைச் சுற்றினால் விளக்கு எரியும். ஆனால் கம்பி அறுகாமல் சுவருக்குள் ஒயர் சூடேறித் தீப்பிடிக்கலாம். மல்டி டூலின் பிடியும் உலோகம்தான், ஷாக் அடிக்கும்.

பைப்பில் போட்ட கட்டு விட்டுப்போனால் தரை நனையும், அவ்வளவுதான். பியூஸ் விஷயம் அப்படியல்ல. பெரியவர்கள் தனியாக இருக்கும் வீடுகளில் அடுத்த முறை போகும்போது, எலக்ட்ரீஷியனை அழைத்து அந்தக் கட்டையில் என்ன கம்பி இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள்.