ஆண்பன்றியும் பருவகாலமும்

மனிதன் காட்டுப்பன்றியை வீட்டு விலங்காக்கி ஏறத்தாழ 9,000 ஆண்டுகள் கடந்துவிட்டன. ஆயினும், காட்டை விட்டு வந்த அவ்விலங்கு காட்டின் பருவங்களை முற்றும் மறந்துவிடவில்லை. ஐரோப்பியக் காட்டுப்பன்றி, பகற்பொழுது குறுகும் குளிர்காலத் தொடக்கத்தில் இணைசேர்ந்து, ஏறக்குறைய நான்கு திங்கள் கழித்து இளவேனிலில் குட்டி ஈனும். பண்ணைப்பன்றியோ ஆண்டு முழுவதும் இனம் பெருக்க வல்லது. எனினும் கோடையிலும் அதனை அடுத்த வாரங்களிலும் ஆண்பன்றியின் விந்து தரம் குன்றுகிறது. ஏன்? இவ்வினாவுக்கு விடைகாண அறிவியல் நெடுந்தொலைவு நடக்க வேண்டியிருந்தது.

1677இல் ஒல்லாந்து நாட்டு லீவன்ஹூக், தாமே செய்த உருப்பெருக்கியால் விந்தணுக்களைக் கண்டார். 1780இல் இத்தாலிய அறிஞர் ஸ்பல்லன்சானி ஒரு பெண்நாய்க்குச் செயற்கை முறையில் கருவூட்டி, 62 நாள்களில் மூன்று குட்டிகள் பிறக்கக் கண்டார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருசிய அறிஞர் இலியா இவானோவ் இம்முறையைப் பண்ணை விலங்குகளுக்கு உரியதாக்கினார். அதன் பின்னர் ஓர் ஆண்பன்றியின் விந்தைப் பகுத்துப் பல பெண்பன்றிகளுக்குச் செலுத்த இயன்றது. நன்மை பெருகிய அளவுக்குப் பொறுப்பும் பெருகிற்று. ஒன்றன் குறை பலவற்றின் மலடாக முடியுமன்றோ?

பன்றிக்கு வியர்த்து உடலைத் தணித்துக்கொள்ளும் ஆற்றல் இல்லையென்றே சொல்லலாம். அதன் விதைகளும் ஆட்டுக்கடாவினுடையவை போலத் தாழத் தொங்காமல் உடலை ஒட்டியே அமைந்துள்ளன. விந்தணு உருவாவதற்கோ உடற்சூட்டினும் குறைந்த சூடு வேண்டும். ஆகவே வெயில் அதனை எளிதில் தாக்குகிறது.

ஆனால், தாக்கம் உடனே தெரிவதில்லை. ஆண்பன்றியின் விந்தணு உருவாக ஏறத்தாழ 34 நாள்களும், விதைமேல் நாளத்தைக் கடக்க மேலும் 10 நாள்களும் ஆகும் என்பதை 1968இல் சுவியர்ஸ்ட்ரா கணித்துரைத்தார். 1970இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், ஆண்பன்றிகள் 72 மணி நேரமே கடுஞ்சூட்டில் வைக்கப்பெற்றன. அவற்றின் விந்தின் தரக்குறைவு பின்வந்த வாரங்களில் வெளிப்பட்டது. வெயில் தணிந்து, கொட்டகை குளிர்ந்த பின்னரே குறை கண்ணுக்குத் தெரிகிறது. அப்போது பெண்பன்றியின் மீதும் அன்றைய தீவனத்தின் மீதும் பழி போடுவது எளிது. ஆனால் அது முறையாகாது. சூட்டுடன் பகற்பொழுதின் நீளமும் இவ்விலங்கின் இனப்பெருக்கத்தைப் பாதிக்கிறது என்பதையும் பிற்கால ஆய்வுகள் காட்டின.

இதனால்தான் தேர்ந்த பண்ணையாளர், குறை தோன்றியபின் மருந்து தேடுவதினும், கோடை வருமுன்னரே நிழலும் நீர்த்தெளிப்பும் காற்றோட்டமும் அமைப்பதையே சிறப்பென்பர்.

வரலாறு கற்பிக்கும் நமக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. ஒரு விளைவுக்கு மிக அருகில் நிற்பதையே அதன் காரணமென்று கொள்வது மாணவர் இயல்பு. ஆசிரியரும் சில வேளை அவ்வாறே கொள்கிறோம். தேர்வில் தவறிய மாணவனை அன்றைய கவனக்குறைவுக்காகக் கடிந்துகொள்ளுமுன், ஆறு வாரங்களுக்கு முன் அவனுக்கு நேர்ந்தது யாதென வினவுவோமாக.